பார்த்த வாயைத்தான் வரைவாள்

எங்கள் படக்கதையில் ஒரு வீடு வந்தால் அந்த வீட்டின் சுவர் நான் வரைந்தது. சுவர், கதவு, மாடிப்படி, ஜன்னல் கம்பி, தெருவிளக்கு எல்லாமே என் கைவேலை. இத்தனை வருடத்தில் "ஆகா, என்ன சுவர்!" என்று ஒரு வாசகர்கூடக் கடிதம் போட்டதில்லை. போடவும் வேண்டாம். படிக்கிறவன் சுவரைப் பார்த்து அசந்து நின்றால் கதை படுத்துவிட்டது என்று அர்த்தம். மனிதர்களைக் கதைக்காரர் வரைவார். அந்த மனிதர்கள் வாயைத் திறக்கும் இடம் வந்ததும் தாள் என் அக்காவின் மேசைக்குப் போகும்.

போகும் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். இப்போது போவதில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டாள். அவளுக்குக் கை விளங்காமல் போய்விட்டது என்கிறார்கள், கதைக்காரரோடு சண்டை என்கிறார்கள், பேய் பிடித்துவிட்டது என்றுகூட ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறான். கதைக்காரரைப் பற்றி வாரம் ஒரு கட்டுரை வருகிறது. அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்பதுவரை ஊருக்குத் தெரியும். அக்கா பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 'உதவி' என்று வரும். அவள் கதையை யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைக்கப்போவதும் இல்லை.

எங்கள் அப்பா துணி இஸ்திரி போடுகிறவர். கடையே வீடு, வீடே கடை. அக்காவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா துணி சுற்றித் தரும் பழைய காகிதத்தில் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருப்பாள். எல்லாம் வாய்கள். பேசும் வாய், கொட்டாவி விடும் வாய், "இன்னும் ஆகலயா?" என்று கத்தும் வாய். ஒரு வாடிக்கையாளர், வீட்டுக்குப் போய்ச் சட்டைப் பொட்டலத்தைப் பிரித்தால் தன் வாயே தன்னைப் பார்த்துத் திறந்திருந்ததாகத் திரும்பி வந்து சண்டை போட்டார். அப்பா அக்காவை நாலு சாத்து சாத்தினார். அக்கா அழுதுகொண்டே அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிப்பு முடிந்ததும் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குப் போனாள். கருவிகளைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, நோயாளிக்குக் கொப்பளிக்கத் தண்ணீர் நீட்டுவது, நாற்காலியைத் துடைப்பது. டாக்டர் நல்ல மனிதர். அவள் வரைவதைப் பார்த்துவிட்டு, நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்ல அவளையே படம் போடச் சொன்னார். "இங்க பாருங்க, இந்தப் பல்தான்" என்று அவர் காட்டும்போது நோயாளி படத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வான். அவ்வளவு அச்சு அசலாக இருக்கும்.

அங்கேதான் கதைக்காரர் வந்து மாட்டினார். கன்னம் பூசணிக்காயாக வீங்கியிருக்க, அவர் முறைக்காகக் காத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த படங்களையே பார்த்தாராம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனவர் மறுநாள் பஞ்சைக் கடித்தபடியே திரும்பி வந்தார். "உங்களை ராட்சசங்களுக்கு வாய் வைக்கக் கூப்பிட வந்திருக்கேன்" என்றார். அக்கா சிரித்தாள். இரண்டாம் வாரம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் சிபாரிசில் பின்னால் ஒட்டிக்கொண்டு போனவன் நான்.

தொடரின் பெயர் 'கூடப் பிறந்த பசி'. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் பசியர் என்று ஒரு கூட்டம் வரும், மனிதர்களைத் தின்கிறவர்கள். கொம்பு கிடையாது, வால் கிடையாது. நம் வீட்டிலேயே பிறந்து, நம் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலையில் குளியலறை வாசலில் நமக்குப் பின்னால் துண்டோடு நிற்பவர்கள். தான் பசியன் என்பது அவனுக்கே தெரியாது. ஒருநாள் வாய் திறக்கும், அப்போதுதான் தெரியும். அவன் முதலில் தின்பது யார்மேல் உயிரையே வைத்திருக்கிறானோ அவர்களைத்தான். இந்த விதி மனதில் உதித்த அன்று கதைக்காரர் சந்தோஷத்தில் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அவளிடம் ஒரே ஒரு பிடிவாதம். நேரில் பார்க்காத வாயை வரைய மாட்டாள். "சும்மா கற்பனையா ஒண்ணு போடு பல்லக்கா, அச்சகத்துல இருந்து ஆள் வந்து நிக்கிறான்" என்று கதைக்காரர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. "பாக்காததை எப்படிங்க வரையிறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுவாள். அங்கே நின்றபடி அவசரமாகச் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பாள். எந்தப் பக்கம் மெல்கிறான், எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, உதட்டோரம் எச்சில் எப்படி நூலாக இழுக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், தொட்டு எழுதும் பேனாவின் முனை தாளில் கீறுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். முடிந்ததும் நாங்கள் போய் எட்டிப் பார்ப்போம். யாரோ ஒரு நல்ல மனிதன் பசியோடு சாப்பிட்ட வாய்தான் அது. ஆனால் அதைப் பார்த்தால் நம் கை தானாகவே கழுத்துக்குப் போகும்.

"என்னக்கா பண்றே இதுல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலடா. இருக்கிற வாயை இன்னும் கொஞ்சம் திறந்து விடுறேன், அவ்வளவுதான்."

இதனால் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் வந்தது. மதியம் எல்லோரும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவோம். அவளுக்கு எதிரே உட்கார்ந்து ஒருவன் ரொட்டியைக் கடித்தால் அடுத்த வாரம் அவன் வாய் யாரையாவது தின்றுகொண்டிருக்கும். புதிதாகச் சேர்கிறவன், "ஏன் இப்படி கோவிச்சுக்கிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்பான். அடுத்த இதழ் வந்ததும் அவனும் நாற்காலியைத் திருப்பிவிடுவான். என் கொட்டாவியும் ஒருமுறை வந்திருக்கிறது. அம்மா போன் பண்ணி, "டேய், அந்தக் கெழவனைக் கடிக்கிற வாய் உன்னுதுதானே? கடைவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்!" என்று திட்டினாள்.

இதில் பெருமைப்பட்ட ஒரே ஆள் என் மச்சான், அக்காவின் கணவர். பஸ் ஓட்டுகிறவர். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் உலகமே மறந்துபோகும். அவர் வாய்க்குப் பலியானவர்கள் கதையில் ஒரு தெருவே இருக்கும். "மாப்பிள்ளை, இந்த வாரமும் நான்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பயணிகளுக்கெல்லாம் காட்டுவார். அவர்களுக்கு ஒரு மகள். ஆறு வயதாகிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் வீட்டில் பாப்பாதான்.

பாப்பாவும் வரைவாள். ஒருநாள் ஒரு மீனை வரைந்து அதற்கு நீளமாகக் கண்ணிமை போட்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "மீனுக்கு இமை நீ பாத்திருக்கியா?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்ப வரையாதே. பாக்காததை வரைஞ்சா அது பொய்."

பாப்பா உடனே அழிரப்பரை எடுத்தாள். அம்மா சொல்லுக்கு அவளிடம் மறுபேச்சே கிடையாது. ஒரு புத்தகக் கடை விழாவில் வாசகன் ஒருவன் எழுந்து, "இப்படியெல்லாம் கற்பனை பண்ண உங்களால எப்படி முடியுது?" என்று கேட்டபோது அக்கா, "கற்பனை இல்லைங்க. நான் பாத்ததைத்தான் வரையிறேன்" என்றாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் மச்சான் மடியில் உட்கார்ந்து பாப்பாவும் தட்டினாள்.

அதற்கடுத்த வருடம் கதைக்காரருக்கு ஒரு புது ஆசை. "பெரியவங்க வாயெல்லாம் காட்டியாச்சு. இப்ப ஒரு சின்னப் பொண்ணு வேணும் பல்லக்கா. பாத்தா தூக்கிக் கொஞ்சத் தோணணும். வாய் திறந்தா ஓடத் தோணணும்."

அந்தச் சமயம் பாப்பாவுக்குக் கீழ் முன்பற்கள் விழாமலேயே பின்னால் புதுப்பல் முளைத்திருந்தது. முன்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அக்கா பதறிப்போய்ப் பழைய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சிரித்தார். "நிறையக் குழந்தைங்களுக்கு இப்படித்தாம்மா வரும். பால்பல் விழுந்ததும் நாக்கு தள்ளித் தள்ளி இதை முன்னாடி கொண்டுவந்துடும். போய் வேலையைப் பாரு." அக்கா வேலையைப் பார்த்தாள். வீட்டில் கை கழுவும் தொட்டிக்கு மேலிருந்த விளக்கைப் போட்டு, டார்ச்சையும் அடித்து, "இன்னும் கொஞ்சம் திற கண்ணு. இன்னும் கொஞ்சம்" என்று நெடுநேரம் பார்த்தாள். சொத்தை தேடுகிறாள் என்று பாப்பா நினைத்தாள்.

அப்படிப் பிறந்தவள்தான் தொடரில் வரும் சின்னவள். படத்தைப் பார்த்ததும் கதைக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகு அந்த இரட்டை வரிசையையே கதையில் ஒரு விதியாக்கிவிட்டார். பால்பல் விழும் முன் பின்னால் இன்னொரு வரிசை முளைத்தால் அந்தக் குழந்தை பசியர் கூட்டம். ஊர் அந்த வாய்க்குப் பைத்தியமானது. பஸ் நிழற்குடையில், பென்சில் டப்பாவில், சட்டை முதுகில் எங்கும் சின்னவள் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். எங்களில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. எங்களுக்கு அது வேலை. சாக்கடை சுத்தம் செய்கிறவனுக்கு நாற்றம் தெரியாமல் போவதுபோல எங்களுக்கும் பயம் தெரியாமல் போயிருந்தது.

அதே வருடம் பாப்பாவுக்குத் தம்பி பிறந்தான். அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை, வெண்ணெய் உருண்டை. தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவன் கன்னத்தைக் கிள்ளி, "ஐயோ, கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கே!" என்றார்கள். நானும் சொன்னேன். மச்சான் அவன் வயிற்றில் வாயை வைத்து உறுமுவார், அவன் கெக்கலிப்பான். பாப்பாவும் ஆரம்பத்தில் அவனை இறக்கி விடவே மாட்டாள். எப்போது அவனைத் தூக்குவதை நிறுத்தினாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெண் பிள்ளைக்குப் பொறாமை என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டோம்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். பேசும்போது உதட்டைத் திறக்காமல் பேசினாள். எப்போதும் ஒரு கைக்குட்டை வாயில். காலையில் எழுப்பப் போன அக்கா, அவள் ஒரு துப்பட்டாவால் தாடையோடு சேர்த்து வாயை இறுகக் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தாள். "பல் கூசுதும்மா" என்றாள் பாப்பா. பல் டாக்டரிடம் கூட்டிப்போனால் வாயைத் திறக்கவே இல்லை. கெஞ்சினார், மிரட்டினார், பலூன் கொடுத்தார். பலூனை வாங்கிக்கொண்டு வாயை மூடியபடியே இருந்தாள்.

ஒருநாள் நான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிழற்குடையில் சின்னவளின் போஸ்டர். பாப்பா அதற்கு முன்னால் நின்றாள். வாய் மூடியிருந்தது. ஆனால் கீழுதட்டுக்கு உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்தது, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மறுபடி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு. நாக்கால் பல்லைத் தடவிப் பார்க்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. அவள் கண் போஸ்டரை விட்டு நகரவில்லை. படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள். அவள் கையைப் பிடித்து அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனேன்.

பிறகு வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்திருக்கிறது என்று மச்சான் பீரோவை நகர்த்தினார். பீரோவுக்குப் பின்னால் பழைய ஷூக்கள், ஷூவுக்குள் ரொட்டி, முட்டை, காய்ந்துபோன பழத்துண்டுகள். தனியாக எடுத்துப்போன சாப்பாடெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. அப்போதுதான் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். விலா எலும்பை எண்ணலாம். மச்சான், அந்தச் சாப்பாட்டு ராமன், தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "உடம்புல ஒண்ணும் இல்லை. இப்படியே சாப்பிடாம இருந்தா ட்யூப் போட வேண்டி வரும். அதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்றார்கள். அந்த வார்த்தை என் அக்காவை உலுக்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போனபோது மச்சான் வண்டிக்குப் போயிருந்தார். அக்கா சமையலறையில் சூப் வைத்துக்கொண்டிருந்தாள், மெல்ல வேண்டாத ஒன்றாவது இறங்குமா என்று பார்க்க. உள்ளறையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு முக்காலி, அதன்மேல் புத்தகப்பை, அதன்மேல் வீட்டிலிருந்த தடிமனான புத்தகங்கள். பாப்பா எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா, கோட்டை கட்டியிருக்கே? யாரும் உள்ள போகக் கூடாதா?"

கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நான் போகக் கூடாது."

கரண்டியோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ஏன் கண்ணு நீ போகக் கூடாது?"

பாப்பா கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சொன்னபோது ஒரே மூச்சில் சொன்னாள். "தம்பி கன்னத்தைக் கடிக்கணும் போல இருந்துச்சும்மா. நிஜமாவே. பல்லெல்லாம் ஒரு மாதிரி நறநறன்னு வந்துச்சு. அவன் மேல எனக்கு ரொம்பப் பாசம்மா. அவனைத்தானே முதல்ல சாப்பிடுவேன்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அட பைத்தியமே! குழந்தையைப் பாத்தா எல்லாருக்கும் அப்படித்தான் வரும். நானே நூறு தடவை சொல்லியிருக்கேனே!"

"உங்களுக்குப் பின்னாடி வரிசை இல்லையே மாமா."

"அது கதை பாப்பா. படம். அம்மா சும்மா வரைஞ்சது."

"அம்மா சும்மா வரைய மாட்டாங்க." என்னைப் பார்த்துச் சொன்ன குரலில் கோபம்கூட இருந்தது, அம்மாவைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன் என்பதுபோல. பிறகு அக்காவிடம் திரும்பினாள். "டார்ச் அடிச்சு என் வாய்க்குள்ள பாத்தே. ரொம்ப நேரம் பாத்தே. அப்புறம்தான் வரைஞ்சே. நீ பாத்திருக்கே. எனக்குத்தான் சொல்லல."

"பல்லு வரிசை மட்டும்தான் உன்னோடதும்மா. மீதியெல்லாம் நானா போட்டது."

"பொய். மீனுக்கு இமை போட்டதுக்கே திட்டினே."

அக்காவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் "அம்மா சொன்னா கேக்கணும்" என்று முடித்திருப்பாள். பாப்பாவோ அம்மா சொன்னதைக் கேட்டதால்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறாள். வாழ்நாள் முழுதும் அக்கா பெருமையோடு சொல்லிவந்த ஒரே வார்த்தையை அந்தக் குழந்தை சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு, பட்டினி கிடந்து, தன் தம்பியைத் தன்னிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. இருக்கிற வாயை இன்னும் கொஞ்சம் திறந்து விடுகிறேன் என்று அக்காவால் அவளிடம் சொல்லவும் முடியாது. குழந்தை பயந்ததே அதற்குத்தான்.

"அப்ப இப்ப வரை" என்றாள் பாப்பா. "என்னைப் பாத்து வரை. இருக்கிறது மாதிரியே."

கைக்குட்டையை எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

அக்கா என் பையிலிருந்து பென்சிலும் தாளும் வாங்கித் தரையிலேயே வைத்து வரைந்தாள். நானும் பார்த்தேன். வெளுத்துப்போன ஈறு, வெடித்த உதடு, விழப்போகிற பால்பல், அதற்குப் பின்னால் அரிசிபோல இரண்டு புதுப்பல். சாதாரணக் குழந்தை வாய். படத்தைப் பார்த்தேன். அளவெல்லாம் சரி, ஒரு கோடு கூடவோ குறையவோ இல்லை. ஆனால் அந்த வாய் என்னைத் தின்னப் பார்த்தது. அக்கா தாளைக் கசக்கிவிட்டு மறுபடி வரைந்தாள். கோட்டை மெலிதாக்கினாள், நிழலே போடாமல் விட்டாள். அதே வாய். மூன்றாவதை ஒரு சின்னப்பிள்ளை வரைகிறது மாதிரி இடது கையால் வரைந்து பார்த்தாள். அதுதான் மூன்றிலும் மோசம். இத்தனை வருடப் பழக்கத்தில் அவளுக்கு வேறு வாய் வரவே இல்லை. நான் படத்திலிருந்து கண்ணை எடுத்து மறுபடி பாப்பாவின் வாயைப் பார்த்தேன். இந்த முறை அது எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. அந்த நிமிடம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாப்பா மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அழவில்லை. "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினாள்.

அக்கா அதை எடுத்துத் தூரப் போட்டாள். பென்சிலைக் கீழே வைத்தாள், இன்றுவரை அதைத் திரும்ப எடுக்கவில்லை. தன் வலது கையை, வரைகிற கையை, பாப்பாவின் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

"கடி."

"மாட்டேன்."

"கடி கண்ணு. உனக்கு யார்மேல ரொம்பப் பாசம்? தம்பி நேத்து வந்தவன். அதுக்கு முன்னாடி யாரு? நான்தானே? அப்ப என்னைத்தான் முதல்ல சாப்பிடணும். கடிச்சுப் பாரு."

"வேணாம்மா. நிறுத்த முடியலன்னா?"

"நிறுத்த வேணாம். நிறுத்தச் சொல்லி நான் கேக்கலயே. உனக்கு எவ்வளவு வேணுமோ கடி."

"அக்கா!" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

கையின் பக்கவாட்டுச் சதையைப் பாப்பாவின் பல்லுக்கு நடுவில் அவளே வைத்தாள். பாப்பா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வாயை மூடினாள். முதலில் பட்டும் படாமலும். பிறகு கொஞ்சம் அழுத்தி. பிறகு, வயிறு காய்ந்த பிள்ளை ஆயிற்றே, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே கடி. அக்காவின் உடம்பு வில்லாக வளைந்தது. சத்தம் போடவில்லை. நான் பாய்ந்து போனேன், இன்னொரு கையால் என்னைத் தள்ளிவிட்டாள். பாப்பாவின் முகவாயில் ரத்தம் இறங்கிச் சொட்டியது. விடவில்லை. விடுவதற்கு ரொம்ப நேரமான மாதிரி இருந்தது எனக்கு. அடுப்பில் சூப் கொதித்து வழிகிற வாசனை வந்தது.

பிறகு விட்டாள். உதட்டை நக்கினாள். சமையலுக்கு உப்புப் பார்க்கச் சொன்னால் பார்ப்பாளே, அப்படி ஒரு யோசனையோடு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள் அக்கா. நிஜமாகவே கேட்டாள். பதில் எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தது அந்தக் குரல்.

"ச்சீ" என்றாள் பாப்பா. "நல்லாவே இல்லம்மா."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். வாயை முழுசாகத் திறந்து, இரண்டு வரிசையும் தெரிய, எச்சிலும் ரத்தமும் ஒழுக அழுதாள். "வலிக்குதாம்மா?" என்றாள். "வலிக்குது, ரொம்ப வலிக்குது" என்று அக்காவும் சேர்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே என்னவோ முணுமுணுத்தாள் குழந்தை. எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். பாப்பா கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தையே தூக்கிக் குடித்தாள். ரொட்டியைப் பிய்த்து முக்கி முக்கித் தின்றாள். மென்று முடிக்கும் முன் அடுத்த துண்டு போனது. மெல்லுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நான் கதவோரம் அடுக்கியிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். என் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

நாற்காலியை இழுத்த சத்தத்தில் உள்ளே தம்பி விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். பாப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போய்த் தூக்கு" என்றாள் அக்கா.

பாப்பா வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு பின்னாலேயே தானாகச் சாத்திக்கொண்டது. நான் எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். உள்ளே அழுகை சட்டென்று நின்றது. அக்காவின் கை என் சட்டையில் இறுகியது. பிறகு தம்பி கெக்கலித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ அவன் வயிற்றில் வாயை வைத்து உறுமிக்கொண்டிருந்தார்கள்.